நான் கடைந்த மரச் சிமிழின் மூடி அன்றைக்குச் சரியாகப் பொருந்தியது, ஒரு வாரத்தில் இறுகிவிட்டதே, ஏன்?

உங்கள் கேள்வியைப் படித்ததும் நான் கடைந்த முதல் சிமிழ்தான் நினைவுக்கு வந்தது. அக்காவின் வளைகாப்புக்காகப் பூவரசங்கட்டையில் செய்த குங்குமச் சிமிழ் அது. கொடுத்த அன்று மூடி வழுக்கிக்கொண்டு இறங்கியது. பத்து நாள் கழித்து போன் செய்து, "தம்பி, மூடி திறக்கவே வரலடா" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஏழெட்டு வருடமாக இந்த மூடி விஷயத்தோடுதான் போராடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன்.

உங்கள் கைவேலையில் பெரிய தப்பு இருக்காது. லேத்தில் நீங்கள் கடைந்தது வட்டம்தான், ஆனால் மரம் வட்டமாகவே இருப்பதில்லை. மரம் காயும்போது வளைய ரேகைகளை ஒட்டிய திசையில் அதிகமாகச் சுருங்கும், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறக்குறைய அதில் பாதிதான் சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். தேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை மரம் முழுக்கக் காயும்வரை ஒரு திசையில் 5.8 சதவீதம் சுருங்கும், இன்னொரு திசையில் 2.5 சதவீதம். மூடி வந்து உட்காரும் கழுத்து 50 மி.மீ. குறுக்களவு என்றால், அதில் ஈரம் 5 சதவீதம் மாறினாலே ஒரு பக்கம் சுமார் அரை மி.மீ. குறையும், மறுபக்கம் கால் மி.மீ.கூடக் குறையாது. வட்டம் முட்டை வடிவமாகிவிடும். நல்ல மூடிக்கு நாம் விடும் இடைவெளியே மி.மீ.யில் பத்தில் ஒரு பங்குதான். அப்புறம் எப்படி இறுகாமல் இருக்கும்?

5 சதவீத மாற்றம் என்பது அபூர்வமும் இல்லை. ஐப்பசி மழையில் வீட்டுக்குள் கிடக்கும் மரத்துக்கும் சித்திரை வெயிலில் கிடக்கும் அதே மரத்துக்கும் அவ்வளவு வித்தியாசம் வரும்.

இன்னொன்றும் நடக்கிறது. மூடி மெல்லியது, சீக்கிரம் காயும். அடிப்பாகம் தடிமன், மெதுவாகக் காயும். மரத்தில் ஈரம் மிச்சம் இருந்தால் மூடிதான் முதலில் சுருங்கி அடிப்பாகத்தின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் இறுகியது என்கிறீர்களே, அதைப் பார்த்தால் உங்கள் கட்டை முழுசாகக் காயவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. மரவாடியில் "ரெண்டு வருஷம் காஞ்ச மரம் சார்" என்று சொல்லிக் கொடுத்ததை நானும் நம்பி வாங்கியிருக்கிறேன். குடைந்து பார்த்தால் உள்ளிருந்து வரும் சுருள் கையில் சில்லென்று ஒட்டியது. இப்போது கட்டையை வாங்கியதும் எடை போட்டு, எடையையும் தேதியையும் கட்டையிலேயே எழுதிவைக்கிறேன். மாதாமாதம் திரும்பப் போட்டுப் பார்ப்பேன். எடை குறைவது நிற்கும்வரை அதைத் தொடுவதில்லை.

எடை நின்ற பிறகும் ஒரே நாளில் சிமிழை முடிக்க வேண்டாம். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். கட்டைக்குள் அடங்கியிருக்கும் இழுவிசை, உள்ளே குடைந்ததும் அவிழ்ந்து, கட்டை ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். அதனால் முதல் நாள் மூடி, அடிப்பாகம் இரண்டையும் பிரித்து, சுவர் 8 முதல் 10 மி.மீ. தடிமன் இருக்கும்படி முரட்டுக் குடைவு மட்டும் குடைந்து, காகிதப் பையில் போட்டு வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்ப லேத்தில் கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் மாட்டிச் சுற்றவிட்டால், வட்டமாக இருந்தது எவ்வளவு ஆடுகிறது என்று கண்ணுக்கே தெரியும். அந்த ஆட்டம்தான் உங்கள் மூடியை இறுக்கியது. இப்போது கடைந்து எடுத்துவிட்டால் மிச்சம் அதிகம் இருக்காது.

கட்டையை மரத்தின் நீளவாக்கில் வெட்டியிருக்க வேண்டும், நடுமையம் அதற்குள் வரக்கூடாது. மையம் உள்ளே இருந்தால் என்றாவது ஒரு நாள் வெடிக்கும். என் அளவு 60 மி.மீ. குறுக்களவு, 100 மி.மீ. நீளம். இரண்டு முனையிலும் சக் பிடிக்க 5 மி.மீ. மேடு விடுவேன். அந்த மேடு சக்கின் அடியில் முட்டக்கூடாது, மேட்டைச் சுற்றியுள்ள கட்டையின் தோள்தான் சக்கின் தாடையில் உட்கார வேண்டும். மூடிக்கு மூன்றில் ஒரு பங்கு, அடிப்பாகத்துக்கு இரண்டு பங்கு. பாதிப் பாதி வைத்தால் பார்க்க மந்தமாக இருக்கிறது. பிரிக்கும்போது 2 மி.மீ. மெல்லிய வெட்டு உளியையே பயன்படுத்துங்கள். தடித்த உளி தின்னும் அளவுக்கு ரேகை விட்டுப்போகும், பிறகு மூடியின் ரேகை அடிப்பாகத்தோடு சேராது.

ரேகை சேர்வது அழகுக்காக மட்டும் இல்லை. இரண்டும் ஒரே கட்டையில் அடுத்தடுத்த துண்டுகள். ஆகவே இரண்டும் ஒரே திசையில்தான் முட்டை வடிவமாகும். ரேகையைச் சேர்த்து மூடினால் நீள்பக்கத்தோடு நீள்பக்கம் போய்ச் சேரும். கால் சுற்று திருப்பி மூடினால் மூடியின் குறுகிய பக்கம் கழுத்தின் அகன்ற பக்கத்தில் போய்ச் சிக்கும். உங்கள் டப்பாவில் முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள்.

கடைசி நாளில் மூடியைத்தான் முதலில் முடிக்க வேண்டும். மூடியின் உள்சுவர் 8 மி.மீ. ஆழத்துக்காவது நேராக இருக்க வேண்டும். குறுக்களவு பார்க்கும் காலிப்பரை மூடியின் வாயிலும் வைத்துப் பாருங்கள், உள்ளேயும் வைத்துப் பாருங்கள். துளி சரிவு இருந்தாலும் மூடி ஒரு விளிம்பில் மட்டும்தான் பிடிக்கும். உள்ளே உப்புத்தாள், பாலிஷ் எல்லாம் அப்போதே முடித்துவிடுங்கள். பிறகு அடிப்பாகத்தை மாட்டி, குடைவை முடித்துவிட்டு, கடைசியாகக் கழுத்துக்கு வாருங்கள். கழுத்தின் நுனியை மட்டும் லேசாகச் சரித்து, சுற்றலை நிறுத்தி, மூடியை அழுத்தித் திருப்பி எடுத்தால் ஒரு பளபளப்பான கோடு விழும். அந்தக் கோடுதான் உங்கள் அளவு. அங்கிருந்து தலைமுடி தலைமுடியாக இறங்குங்கள். இந்த இடத்தில் எனக்கு மணிக்கணக்கில் நிற்கப் பிடிக்கும். மூடி இறுக்கமாக உட்கார்ந்ததும் அப்படியே சேர்த்துச் சுற்றவிட்டு, லேத்தின் மறுகோடியில் இருக்கும் பின்முனையால் லேசாகத் தாங்கி, வெளிப்புறத்தை ஒரே ஓட்டத்தில் கடைந்து, மூடியின் தலையையும் முடித்துவிடலாம். அதன் பிறகுதான் கழுத்தைத் தளர்த்த வேண்டும். சூடாக இருக்கும்போது தளர்த்தாதீர்கள். உப்புத்தாள் தேய்த்த சூட்டில் அளவு பொய் சொல்லும். ஒரு காபி குடித்துவிட்டு வந்து செய்யுங்கள்.

மெருகுக்கு அரக்கே போதும். மரப் பொம்மைக்குப் பேர்போன கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் நம் ஊர் வெட்பாலை மரத்தைத்தான் கடைகிறார்கள். சுற்றும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உராயும் சூட்டிலேயே அது உருகிப் படியும். பிறகு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். கழுத்தில் மட்டும் அரக்கு வேண்டாம், துளி தேன்மெழுகு தடவினால் போதும். முகக்கவசம் கட்டாயம். ஈட்டி மரத் தூசி பலருக்கு ஒவ்வாமை தரும். தோளில் துண்டு, தொங்கும் கைச்சட்டை எதுவும் லேத் பக்கம் வரக்கூடாது.

இப்போது இறுகிக் கிடக்கும் உங்கள் டப்பாவுக்கு வருவோம். தட்டித் திறக்காதீர்கள், மூடியின் விளிம்பு பிளந்துவிடும். ஏசி அறையிலோ காற்றாடும் இடத்திலோ இரண்டு மூன்று வாரம் வையுங்கள், அடிப்பாகமும் காய்ந்து சுருங்கியதும் மூடி தானாக விடும். திறந்ததும் கழுத்தில் எங்கே பளபளக்கிறது என்று பாருங்கள். சுற்றிலும் இருக்காது, எதிரெதிராக இரண்டு இடத்தில்தான் இருக்கும். அந்த இரண்டு இடத்தை மட்டும் 320 நம்பர் உப்புத்தாளால் கையாலேயே நாலு இழுப்பு இழுத்து, ரேகையைச் சேர்த்து மூடிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் நாலு. லேத்தில் மாட்டி வட்டமாக எடுத்தீர்கள் என்றால் இறுகாத பக்கம் ஆடத் தொடங்கிவிடும்.

அக்காவின் சிமிழை அப்படித்தான் சரிசெய்தேன். பூவரசின் கருஞ்சேகு, அதாவது கறுத்த உள்மரத்தின் ரேகை ஒன்று மூடியிலிருந்து அடிவரை இறங்கும். அதைச் சேர்த்து வைத்துத்தான் அவள் இன்றும் மூடுகிறாள்.