'ஓகே பாய்' என்றால் புரிந்தது என்று அர்த்தமில்லை, தம்பி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தேவிபட்டினத்திலிருந்து வந்து ஏழு மாதம், துபாய் ஜெபல் அலியில் வேர்ஹவுஸ் வேலை, போன மாதம் ஒன்பது பேர் இருக்கிற ஷிப்டுக்கு உங்களை லீட் ஆக்கிவிட்டார்கள், எதைச் சொன்னாலும் 'ஓகே பாய், ஓகே பாய்' என்கிறார்கள், ஆனால் வேலை மட்டும் நடப்பதில்லை, மேனேஜரிடம் திட்டு வாங்குவது நீங்கள். இவர்களிடம் எப்படி வேலை வாங்குவது, ஒத்துழைக்காத ஒரு ஃபோர்க்லிப்ட் ஓட்டுநரைப் பற்றி மேனேஜரிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தங்கச்சிமடம். 2006-ல் வந்தேன். 'வேலை வாங்குவது' என்று சொல்லாதே என்று உங்களுக்குப் பெரிய மனுசத்தனமாக அறிவுரை சொல்லப் போவதில்லை, நானும் லீட் ஆன புதிதில் அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்போது நடந்த ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் ஷிப்டில் ஒரு நேபாளிப் பையன் இருந்தான், இருபத்திரண்டு வயது இருக்கும், சுறுசுறுப்பு. ஒருநாள் சாயங்காலம் டைல்ஸ் பெட்டி அடுக்கிய பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) ஒன்றைக் காட்டி, 'ஃபோர்ட்டீனுக்குக் கொண்டுபோ' என்றேன். 'ஓகே பாய்' என்றான். கொண்டுபோய் வைத்தது, லாரியில் சரக்கேற்றும் கதவுகளில் நாற்பதாம் நம்பர் கதவில். அவன் காதில் விழுந்தது ஃபோர்ட்டி. அல் ஐன் போகவேண்டிய சரக்கு ஃபுஜைரா லாரியில் ஏறிப் போய்விட்டது, இரவு ஒன்பது மணிக்கு அங்கிருந்து போன் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். மறுநாள் காலையில் எல்லார் முன்னாலும் வைத்து, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், அவனைக் கிழித்துவிட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவன் சொன்னதை மட்டும் செய்தான், சொல்லாததை எதையும் செய்யவில்லை. மூன்று வாரம் கழித்து ரேக்கின் இரண்டாம் தட்டிலிருந்து ஒரு பேலட் சரிந்து விழுந்தது, நல்லவேளை கீழே ஆள் இல்லை. சுற்றியிருந்த பிளாஸ்டிக் காலையிலேயே கிழிந்திருக்கிறது. 'நீ பார்க்கலையா?' என்று கேட்டேன். 'பார்த்தேன்.' 'அப்புறம் ஏன் சொல்லலை?' 'நீங்க கேக்கலையே பாய்.'

அந்த வார்த்தை இன்னும் எனக்கு மறக்கவில்லை. நான் கத்தியதற்கு அவன் கொடுத்த பதில் அதுதான், ஆனால் அவன் எதையும் எதிர்த்துச் செய்யவில்லை, வெறுமனே வாயை மூடிக்கொண்டான், அவ்வளவுதான். அவனைப் பார்த்து மற்ற ஏழு பேரும் மூடிக்கொண்டார்கள் என்பது எனக்கு அதற்கும் பிறகுதான் உறைத்தது.

உங்கள் ஒன்பது பேரும் வேலைக் கள்ளர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பாதிப் பேருக்கு நீங்கள் சொன்னது புரிந்திருக்காது, புரியவில்லை என்று சொன்னால் தப்பாக நினைப்பீர்களோ என்ற பயம். நம் ஊரில் கைமாற்று கேட்டவனிடம் 'பார்க்கலாம் மாப்ளே' என்போமே, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டவனுக்கும் தெரியும், சொன்னவனுக்கும் தெரியும். இங்கே உள்ள 'ஓகே'யும் அப்படித்தான், நீங்கள் பேசியது காதில் விழுந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பஷ்தோ பேசுகிறவர், மலையாளி, நேபாளி, ஃபிலிப்பினோ, நாம், எல்லாரும் யாருக்கும் தாய்மொழி இல்லாத இந்தியிலும் இங்கிலீஷிலும் நாலு அரபி வார்த்தையிலும் பேசிக்கொள்கிறோம், கலாஸ் (முடிந்தது), மாஃபி (இல்லை), யல்லா (வா, போகலாம்) என்று. இதில் தப்பு வராமல் இருந்தால்தான் அதிசயம்.

நான் செய்து பலன் கண்டது சிலதுதான். நம்பரைப் பிரித்துச் சொல்வது: ஃபோர்ட்டீன் கிடையாது, 'ஒன் ஃபோர்'. சொன்னதை ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொல்வது. ஆனால் 'புரிந்ததா, சொல்லு பார்ப்போம்' என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரிக் கேட்டால் முகம் சுருங்கிவிடும். 'நான் அவசரத்தில் உளறியிருப்பேன், என்ன சொன்னேன் என்று ஒரு தடவை சொல்லுங்கள்' என்று குறையை உங்கள் மேல் போட்டுக்கொண்டு கேளுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் நீளமாக இங்கிலீஷில் எழுதிப் போடாதீர்கள், படிக்கத் தெரியாதவர் உங்கள் ஷிப்டிலும் இருப்பார், அவரும் கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போவார். போட்டோவும் குரலும் அனுப்புங்கள்.

அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்பீர்கள். கேட்டேன். முதலில் டீ குடிக்கும் இடத்தில் தனியாகக் கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டான், ஒரு மாற்றமும் இல்லை. பிறகு எந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்று கத்தினேனோ அதே இடத்தில், அதே ஆட்கள் நிற்கும்போது, 'அன்றைக்கு நம்பரைத் தப்பாகச் சொன்னது நான்' என்றேன். நாலு பேர் முன்னால் போன மானம் நாலு பேர் முன்னால்தானே திரும்பி வரும். மறுநாளே வந்து, ஆறாம் வரிசையில் ஒரு ரேக்கின் கால் வளைந்திருக்கிறது என்று காட்டினான்.

நீங்களும் கரைக்காரர்தானே, கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வள்ளம் போய் வலையை வளைத்துவிட்டு வந்ததும் இரண்டு பக்கமும் இரண்டு கூட்டம் கயிறு பிடிக்கும். ஒரு பக்கம் ஆள் பலமென்று வேகமாக இழுத்தால் வலையின் பை, அதுதான் மடி, கோணிக்கொள்ளும், மீன் தப்பிவிடும். அதற்குத்தான் அம்பா என்ற இழுவைப் பாட்டைப் பாடுவது, பலசாலியையும் கிழவனையும் ஒரே அசைவில் வைக்க. இன்னொன்றும் உண்டு, கடைசியில் மடி கரையேறும்போது என்ன மீன், எவ்வளவு என்று இழுத்தவன் எல்லாம் கண்ணால் பார்ப்பான். வேர்ஹவுஸில் அது இல்லை. காலையிலிருந்து பெட்டி தூக்குகிறவனுக்கு அது எங்கே போகிறது, போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியாது. நான் காலையில் ஐந்து நிமிடம் கதவுக்குப் பக்கத்தில் எல்லாரையும் நிறுத்தி, நேற்றைய லாரிகள் எத்தனை நேரத்துக்குப் போயின, எது திரும்பி வந்தது, இன்றைக்கு யார் எங்கே என்று மட்டும் சொல்வேன். வாரத்தில் ஒருநாள் வேறு ஒருவர் சொல்வார். முதல் முறை அந்த நேபாளிப் பையன் சொன்னபோது கை நடுங்கிற்று, இரண்டாம் முறை என்னையே கேள்வி கேட்டான்.

உற்சாகப்படுத்த என்ன செய்வது என்றும் எழுதியிருந்தீர்கள். 'இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று சுவரில் போட்டோ மாட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, எங்கள் இடத்தில் ஒரு வருஷம் முழுக்க இரண்டே முகம்தான் மாறி மாறித் தொங்கியது. கணக்கைச் சுத்தமாக வைத்திருங்கள், அதுவே பெரிய உற்சாகம். இங்கே சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48; அதற்கு மேல் பார்க்கிற நேரத்துக்கு அடிப்படைச் சம்பளக் கணக்கில் குறைந்தது 25 சதவீதம் சேர்த்துத் தரவேண்டும். ஓவர்டைம் தாளில் ஒருவருக்கு அரை மணி நேரம் விட்டுப்போனால் நீங்கள் மறந்துவிடுவீர்கள், அவர் மறக்கமாட்டார். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30-லிருந்து 3 மணி வரை வெயிலில் வெளிவேலை கூடாது, அதனால் யார்டு வேலையை விடியற்காலையில் வையுங்கள். ரமலானில் எல்லாருக்கும் இரண்டு மணி நேரம் குறைவு, நோன்பு இல்லாதவருக்கும்தான். பாரமான சரக்கைக் காலையிலேயே முடித்துவிட்டால் நோன்பாளிகள் உங்களை மறக்கமாட்டார்கள். லீவு நாளை ஒரே ஆளுக்கு ஞாயிறாகக் கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள், சுற்றில் விடுங்கள்.

சம்பளம் தள்ளிப்போகும் மாதத்தில் மட்டும் 'நாளைக்கு வந்துவிடும்' என்று நீங்கள் வாக்குக் கொடுக்காதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. வரவில்லையென்றால் பொய்யன் என்ற பெயர் உங்களுக்குத்தான்.

அப்புறம், ரூமில் கூட இருக்கிற கீழக்கரைக்காரர் ஒருவரும் அதே ஷிப்டில் இருக்கிறார், வயதில் மூத்தவர், அண்ணன் என்ற அர்த்தத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். காக்கா என்றே கூப்பிடுங்கள், அதில் என்ன வந்தது. ஆனால் லீவு, லேசான வேலை எதையும் அவருக்கு முதலில் கொடுக்காதீர்கள், இதை ரூமிலேயே ஒரு நாள் ராத்திரி சோறு தின்னும்போது பேசி முடித்துவிடுங்கள். வேலை இடத்தில் இரண்டு பேரும் தமிழில் பேசிச் சிரிப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்கிறவன் தன்னைப் பற்றித்தான் என்று நினைப்பான். நான் வந்த புதிதில் மலையாளிகள் சிரித்தால் எனக்கு அப்படித்தான் இருந்தது, கொஞ்சம் மலையாளம் பிடிபட்ட பிறகு பார்த்தால் அவர்கள் ஊர்த் தேர்தலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மேனேஜரிடம் 'இவர்கள் சொன்னபடி கேட்பதில்லை' என்று மட்டும் போய் நிற்காதீர்கள், அது உங்களைப் பற்றிய புகாராகத்தான் அவர் காதில் விழும். 'இன்றைக்கு மூன்று லாரி தாமதம், இரண்டு லாரி ஃபோர்க்லிப்டில் சார்ஜ் இல்லாததால், ஒரு லாரி பேப்பர் வராததால்' என்று போங்கள்.

அந்த ஃபோர்க்லிப்ட் ஓட்டுநரைப் பற்றி இப்போது சொல்லவேண்டாம். காலையில்தான் மந்தமாக இருக்கிறார், மதியத்துக்கு மேல் பரவாயில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணிக்குத் தூங்குகிறார் என்று கேட்டீர்களா? என் ஷிப்டில் இப்படித்தான் ஒருவரை இரண்டு மாதம் சோம்பேறி என்று நினைத்திருந்தேன், கடைசியில் பார்த்தால் கேம்ப் பஸ் அவரை எல்லாருக்கும் கடைசியாக இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது, படுக்கவே ஒரு மணி ஆகும், பஸ்ஸின் வழியை மாற்றியதும் ஆள் மாறிவிட்டார். உங்கள் ஆளுக்கு வேறு காரணம் இருக்கலாம். சார்ஜ் போடும் இடத்தில் நிற்கும்போது ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள், என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் நான் ரூமில்தான் இருப்பேன்.