ஜிம்முக்கு முன்னால் ஒரு பாய்

தோழி, நீங்கள் கேட்டது இதுதான்: மியூனிக் வந்து ஒரு வருடம், சுகப்பிரசவம் ஆகி ஏழு வாரம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, ஆறு மாதத்துக்குக் குனிந்து நிமிரக்கூட விடமாட்டேன் என்கிறார். கீழ்வீட்டுப் பெண்ணோ பிள்ளையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிறாள். நடுவில் நீங்கள். பழைய ஜிம்முக்கே திரும்பலாமா?

இப்போதைக்கு ஜிம் வேண்டாம். அதற்காக ஆறு மாதம் கட்டிலோடு கிடக்கவும் வேண்டாம். இங்கே இரண்டுக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது, பெயர் 'ரூக்பில்டுங்'. பிரசவத்தில் தளர்ந்த தசைகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வகுப்பு. நடத்துபவர் பெரும்பாலும் ஒரு ஹெபாமெ, அதாவது உங்கள் வீட்டுக்கு வந்து பிள்ளையை எடை பார்க்கிறாரே, அதே பேறுகால மருத்துவச்சி. அரசுக் காப்பீட்டில் இருந்தால் 10 மணி நேரத்துக்கான கட்டணத்தைக் காப்பீடே கொடுத்துவிடும். பிள்ளைக்கு ஒன்பது மாதம் முடிவதற்குள் முடித்துவிட வேண்டும். நீங்கள் போகாத நாளுக்குக் காப்பீடு தராது, கைக்காசுதான்! தனியார் காப்பீடு என்றால் ஒப்பந்தத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பிள்ளைக்கு நான் இந்த வகுப்புக்குப் போகவில்லை. ஜெர்மன் அரைகுறை, பத்துப் பெண்களுக்கு நடுவில் முழித்துக்கொண்டு உட்காருவானேன் என்று விட்டுவிட்டேன். நான்காம் மாதம் நேராக இஸார் ஆற்றோரம் ஓடப் போனேன். மூன்றாவது நாள் வீட்டுக்குத் திரும்பும்போது டிராம் நிறுத்தத்தில் ஒரு தும்மல். அவ்வளவுதான், கால்சட்டை நனைந்துவிட்டது. மேல்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, டிராமில் ஏறாமல் நடந்தே வீடு வந்தேன். பிள்ளை பெற்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று பல மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கடைசியில் மகப்பேறு மருத்துவரிடம் அழாத குறையாகச் சொன்னபோது, அவர் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். சில மாதத்தில் சரியானது. அந்த மாதங்களை வீணாக்கியிருக்க வேண்டாம்.

இரண்டாவது பிள்ளைக்கு முதல் ஆளாகப் பாயோடு போய் உட்கார்ந்தேன். வகுப்பைப் பார்த்தால் இதுவா உடற்பயிற்சி என்று தோன்றும். எல்லாரும் மல்லாந்து படுத்திருப்பார்கள், பக்கத்தில் பிள்ளைகள், ஒன்று அழும், ஒன்று பால் குடிக்கும். சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்பின் அடித்தளத் தசையை உள்ளே இழுக்க வேண்டும், மூச்சை வெளியே விட்டுக்கொண்டே. 'லிஃப்ட் முதல் மாடி, இரண்டாம் மாடி' என்று ஹெபாமெ கையை உயர்த்திக் காட்டினார். இறங்கும்போது தடாலென்று விடாமல் ஒவ்வொரு மாடியாக இறக்க வேண்டும். எனக்கு லிஃப்ட் இரண்டாம் மாடியிலேயே அறுந்து விழுந்தது. பக்கத்துப் பாய்க்காரிக்கும் அதே கதை. சிரிப்பை அடக்குவதுதான் பெரிய பயிற்சியாக இருந்தது. மொழி ஒரு பொருட்டே இல்லை.

வயிற்றின் நடுத்தசை விலகியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். முழங்காலை மடக்கிப் படுத்து, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல் வைத்துப் பார்ப்பது. இடைவெளி இருந்தால் வயிறு குறையட்டும் என்று படுத்து எழும் பயிற்சியில் இறங்காதீர்கள். கட்டிலிலிருந்து எழும்போதுகூட ஒருக்களித்து, கையை ஊன்றி எழுங்கள். அம்மா வயிற்றில் துணி கட்டச் சொன்னால், இறுக்காமல் கட்டிக்கொள்ளுங்கள், இதமாக இருக்கும். ஆனால் துணி பிடித்துக்கொள்வதால் தசைக்கு வலு வந்துவிடாது. (சிசேரியன் ஆனவர்கள் படித்தால்: தையல் ஆற வேண்டும், நீங்கள் இன்னும் சில வாரம் தள்ளித்தான் தொடங்க வேண்டும், மருத்துவரைக் கேளுங்கள்.)

நடையை இன்றைக்கே தொடங்கலாம். நான் ஒலிம்பியா பூங்கா ஏரியைச் சுற்றித் தள்ளுவண்டியோடு நடந்தேன், முதலில் இருபது நிமிடம். போரில் இடிந்த கட்டடங்களின் இடிபாட்டைக் குவித்து எழுப்பிய மேடு ஒன்று அங்கே இருக்கிறது. அதில் மூச்சிரைக்காமல் ஏற எனக்கு ஐந்து மாதம் ஆனது. பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மார்பு கனக்காது. நடந்தால் பால் வற்றிவிடும் என்று அத்தை யாராவது சொன்னால், சரி சரி என்று கேட்டுவிட்டு நடங்கள். குறைந்திருந்த உதிரப்போக்கு திரும்பச் சிவப்பாகவோ அதிகமாகவோ வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு ஹெபாமெயைக் கூப்பிடுங்கள்.

ஓட்டத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் போகட்டும். அதுவும் தும்மினால், குதித்தால் கசியவில்லை, அடிவயிறு கீழே இழுப்பதுபோல் இல்லை என்றால்தான். கீழ்வீட்டுப் பெண்ணைப் பார்த்து ஓடாதீர்கள், அவளுக்கு என்ன கசிகிறதோ யார் கண்டது.

வகுப்பில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், நாளைக்கே கூப்பிடுங்கள். இதைப் பார்த்துப் படித்தாலே போதும்: 'இஷ் மோஷ்டெ மிஷ் ஃபூர் டென் ரூக்பில்டுங்ஸ்குர்ஸ் அன்மெல்டன்.' வகுப்பில் சேர விரும்புகிறேன் என்று அர்த்தம். கடைசியில் 'மிட் பேபி' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மா ஊருக்குப் போய்விட்டால் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவீர்கள்?