கனடாப் பாடகி ஜோனி மிட்செலின் 'ப்ளூ' ஆல்பத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? எனக்கு ஒரே அழுகையாகத்தான் கேட்கிறது.

ஏதோ பட்டியலில் பார்த்துவிட்டு, ராத்திரி ஹெட்ஃபோனை மாட்டி, மூன்றாவது பாட்டோடு நிறுத்தியிருப்பீர்கள். ரோலிங் ஸ்டோன் இசைப் பத்திரிகையின் 2020 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் மூன்றாம் இடம் என்றால் எதிர்பார்ப்பு எகிறத்தான் செய்யும். நானும் முதல் தடவை அப்படித்தான் நிறுத்தினேன்.

நான் இசை விமர்சகன் இல்லை. கிடாரில் பத்துப் பாட்டு உருப்படியாக வாசித்தால் அதிகம். 'வெள்ளைக்காரன் பாட்டென்றால் வாயைப் பிளக்கிற கூட்டம்' என்று பின்னூட்டம் போட வருகிறவர்கள் தாராளமாகப் போடலாம்.

கிடார் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் பைக்கிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு உடைந்தது. பிளேட் வைத்தார்கள். எஃப் பார் என்கிற கார்டுக்கு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) ஆட்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே வைத்து அழுத்த வேண்டும். எனக்கு உயிர் போகும். வருகிற சத்தமோ தகர டப்பாவைத் தட்டினது போல இருக்கும். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்த வாத்தியார், "கீபோர்டு ட்ரை பண்ணிப் பாருங்களேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் சுட்டது. கிடார் பரணுக்குப் போனது.

அப்புறம்தான் படித்தேன்: ஜோனிக்கு ஒன்பது வயதில் போலியோ வந்து இடது கை வலுவிழந்திருக்கிறது. வழக்கமான கார்டுகள் கைக்கு அடங்காததால் கம்பிகளையே தன் விரல்களுக்கு ஏற்றபடி வேறு மாதிரி சுருதி சேர்த்துக்கொண்டார். இந்த ஆல்பத்தின் 'லிட்டில் கிரீன்' பாட்டுக்கு ஓபன் ஜி என்கிற சுருதி. ஒன்று, ஐந்து, ஆறாம் கம்பிகளைத் தளர்த்திவிட்டால், விரலே வைக்காமல் மீட்டினாலும் முழு ஜி மேஜர் கார்டு வரும். அன்றைக்கே கிடாரை இறக்கித் தூசி தட்டினேன். ஆறு கம்பியும் ஒன்றாக ஒலித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிக்காதீர்கள். 'லிட்டில் கிரீன்' ஜோனி 1965இல் தத்துக் கொடுத்துவிட்ட மகளுக்கான பாட்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்த மகளை அவர் மறுபடி சந்தித்தது 1997இல்.

   

அழுகை என்கிறீர்கள். 'கேரி' கேட்டீர்களா? கிரேக்கத்தின் கிரீட் தீவில் மடாலா குகைகளில் ஹிப்பிகளோடு சுற்றிய நாட்களின் பாட்டு, துள்ளும். மொத்தம் 10 பாட்டில் அதோடு சேர்த்து நான்கில் அவர் வாசிப்பது டல்சிமர் என்கிற அப்பலாச்சிய மலை வாத்தியம். மடியில் கிடத்தித் தட்டித் தட்டி வாசிப்பார். 'ரிவர்' சோகம்தான், மறுக்கவில்லை. ஜிங்கிள் பெல்ஸ் மெட்டையே பியானோவில் வாடவைத்துத் தொடங்குவார். அதைப் போய் கிறிஸ்துமஸ் கொண்டாட்டப் பாட்டுகளோடு சேர்த்துப் போடுகிறார்கள்!

ஷஃபிளை அணைத்துவிட்டு, 'கேரி'யிலிருந்து தொடங்கிப் பாருங்கள். அப்படியும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், யாரும் அடிக்கப்போவதில்லை. எனக்கு எஃப் பார் இன்னும் வரவில்லை.