உபுண்டுவில் ஸ்பீக்கர் பேசவில்லை: மியூட்டைப் பாருங்கள்

உபுண்டு லினக்ஸில் சத்தம் வரவில்லை, சவுண்டு கார்டு போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கார்டு பழுதான மாதிரி தெரியவில்லை, பெரும்பாலும் மியூட்டில் இருக்கிறது. செட்டிங்ஸில் கார்டு பெயர் தெரிகிறது, வால்யூம் 100-ல் இருக்கிறது, ஆனாலும் சத்தமே இல்லை என்கிறீர்களே, ஆல்சாவுக்குள் (லினக்ஸில் ஒலியைக் கையாளும் அடிப்படை மென்பொருள்) கார்டின் பல சேனல்களுக்குத் தனித்தனி மியூட் உண்டு, அதைச் செட்டிங்ஸ் பட்டை எப்போதும் காட்டாது.

1. டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்) ஆல்சாமிக்சர் (alsamixer) என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் அடியுங்கள்.

2. எஃப்6 அழுத்தி உங்கள் கார்டைத் தேர்ந்தெடுங்கள். புதிதாக வருகிறவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

3. மாஸ்டர், ஸ்பீக்கர் பட்டைகளின் அடியில் 'எம்எம்' என்று இருந்தால் அது மியூட். எம் விசையைத் தட்டினால் பச்சையில் 00 ஆகும், அப்புறம் மேல் அம்புக்குறியால் அளவை ஏற்றுங்கள்.

அப்படியும் வரவில்லையா? வலது பக்கம் நகர்ந்தால் சில கார்டுகளில் 'ஆட்டோ-மியூட் மோட்' இருக்கும், ஹெட்போன் செருகியிருப்பதாக நினைத்து ஸ்பீக்கரை அடக்கிவிடுவது அதுதான், அணைத்துப் பாருங்கள்.

எஃப்6 பட்டியலில் உங்கள் கார்டே இல்லையென்றால் இதெல்லாம் உதவாது, அது டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) அல்லது ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) சிக்கல். லேப்டாப் மாடலைச் சொல்லுங்கள், பார்க்கலாம். அதற்குள் உபுண்டுவை அழித்து மறுபடி போட வேண்டாம்.