பொருளாதார முதுகலை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கோலாலம்பூரில் பொருளாதார முதுகலை முடித்தவள் நான். இப்போது புள்ளியியல் வகுப்பு எடுக்கிறேன்.

கிள்ளான் வாசகி: அக்கா, நான் கணக்கியல் பட்டதாரி. சேரலாமா?

சேரலாம் தங்கையே, ஆனால் இரண்டு மாதம் கணிதம் படித்துவிட்டுச் சேருங்கள். வகைநுண்கணிதமும் அணிகளும் (எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய கட்டங்கள்) கைவசம் இருக்க வேண்டும். இரண்டாவது வாரமே விரிவுரையாளர் பலகையில் ஓர் அணியை எழுதி, அதன் நேர்மாறால் பெருக்கிக் காட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். என் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழி அந்த ஒரு வரியை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்தாள். வங்கியில் ஆறு ஆண்டு வேலை பார்த்த கெட்டிக்காரி அவள். பள்ளியில் ஐந்தாம் படிவத்துக்குப் பிறகு அணியைத் தொடவில்லை, அவ்வளவுதான். முதல் பருவத்தோடு நின்றுவிட்டாள். எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

பினாங்குத் தம்பி: இங்கேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமா, மலாயாப் பல்கலைக்கழகமா?

உங்கள் தலைப்பில் வழிகாட்டக்கூடியவர் எங்கே இருக்கிறாரோ அங்கே.

ஈப்போ வாசகர்: கட்டணம் எவ்வளவு?

பல்கலைக்கழக அலுவலகத்தில் கேளுங்கள்.

செந்தூல் வாசகி: கணிதம் வராது. சமாளிக்கலாமா?

கிள்ளான் தங்கைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் உணவகக்காரர்: குறைந்தபட்சச் சம்பளத்தை 1,700 ரிங்கிட் ஆக்கிவிட்டார்கள். சம்பளத்தை ஏற்றினால் வேலை குறையும் என்பது பாலபாடம். முதுகலையில் வேறு என்னம்மா சொல்லித் தருகிறார்கள்?

அந்தப் பாலபாடம் எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்பதைத்தான் ஐயா. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்துப் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இரு பக்கமும் 410 துரித உணவகங்களை ஒப்பிட்டார்கள்; நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. பிறகு வேறு தரவுகளை வைத்து மறுத்தவர்களும் உண்டு. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

அவரே மீண்டும்: அமெரிக்காவின் கதை என் கடைக்கு எதற்கு?

நியாயமான கேள்வி. உங்கள் சமையலறையையே எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டுத் தொழிலாளியின் வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. பக்கத்துக் கடையில் நூறு ரிங்கிட் கூடக் கிடைத்தாலும் நினைத்தவுடன் அவரால் போக முடியாது. அப்படிப் போக வழியில்லாத இடத்தில் சம்பளம் சந்தை விலைக்குக் கீழே நிற்கும்; சட்டம் அதை ஓரளவு ஏற்றினாலும் முதலாளிக்கு இன்னும் மிச்சம் இருக்கும், அதனால் ஆள் குறைய வேண்டியதில்லை. இதை இங்கேயே சோதிக்க வாய்ப்பும் வந்தது. 2020 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளத்தை நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளுக்கு 1,200 ரிங்கிட், மற்ற இடங்களுக்கு 1,100 என்று பிரித்தார்கள். எல்லையின் இரு பக்கக் கடைகளையும் ஒப்பிட்டிருக்கலாம். ஆனால் மார்ச் 18இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பெரும்பாலான கடைகளை முடக்கியது. எது சம்பளத்தின் விளைவு, எது கிருமியின் விளைவு என்று பிரிப்பது பெரும்பாடு. உங்கள் கடையில் ஆள் குறைத்தீர்களா ஐயா?

அவரே: இல்லை. தோசை விலையைக் கூட்டினேன்.

அதுவும் ஒரு விடைதான் ஐயா. நியூ ஜெர்சியிலும் விலை கூடியதைக் கண்டார்கள்.

சிரம்பான் மாணவர்: ஆய்வேட்டுக்குத் தலைப்பு சொல்லுங்கள்.

ஐயாவின் தோசை விலை. எல்லைக்கு இந்தப் பக்கம் பத்துக் கடை, அந்தப் பக்கம் பத்துக் கடையிலிருந்து பழைய விலைப்பட்டியல்களைச் சேகரிக்கத் தொடங்குங்கள். அதற்கு முன் அணிகளைப் படித்துவிடுங்கள்.