18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய உடை: எங்கிருந்து தைக்கத் தொடங்குவது?

1750 முதல் 1780 வரை இங்கிலாந்துப் பெண்கள் உடுத்திய உடைகளைப் பொழுதுபோக்காகத் தைத்து வருகிறேன். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கல்லூரி மாணவி: அக்கா, எனக்கு பிளவுஸ், சுடிதார் தைக்கத் தெரியும். நேரடியாகப் பட்டுக் கவுனில் இறங்கலாமா?

வேண்டாம் தங்கையே. நான் அப்படித்தான் இறங்கினேன். நல்ல பட்டு வாங்கி, உடம்பு அளவு எடுத்து, பிளவுஸுக்குப் பிடிப்பதுபோல மார்புக்கு டாட் (வடிவத்துக்காகத் துணியைக் குறுக்கும் மடிப்புத் தையல்) பிடித்து, இரண்டு மாதம் தைத்தேன். அதன் பிறகுதான் ஸ்டேஸ் தைத்தேன். ஸ்டேஸ் என்பது திமிங்கலத் தாடை இழைகளை வரிசையாகச் செருகித் தைத்த உள்கவசம். அது மார்பை மேலே தூக்கி, உடம்பைக் கீழ்நோக்கிக் குறுகும் கூம்பாக்கிவிடும். அதன்மேல் என் கவுனைப் போட்டபோது டாட் இரண்டும் காலிப் பைகளாகத் தொங்கின. வெட்டிய பட்டுத் துணியை ஒட்ட முடியாது. அந்தக் கவுன் இன்றும் பெட்டியில்தான் கிடக்கிறது.

அந்தக் கவுன்களில் மார்புக்கு டாட் இருப்பதில்லை. உடம்புக்கு வடிவம் தருவது உள்ளே இருக்கும் ஸ்டேஸ்தான். ஆகவே உள்ளிருந்து வெளியே வாருங்கள்: முதலில் ஷிஃப்ட் என்ற லினன் உள்சட்டை, அடுத்து ஸ்டேஸ், பிறகு பெட்டிகோட் என்ற பாவாடை, கடைசியில் கவுன். கவுனுக்கான அளவை ஸ்டேஸ் அணிந்துகொண்டே எடுக்க வேண்டும்.

புதிதாகத் தைக்கப் பழகும் இல்லத்தரசி: ஷிஃப்ட் தைப்பது கடினமா?

பழகுவதற்கு அதைவிட நல்ல உடை கிடையாது. எல்லாமே செவ்வகம், சதுரம், முக்கோணம். தோளில் மடித்த நீளத் துணியின் மேற்பகுதியில் இருபுறமும் முக்கோணம் வெட்டி, அதையே கீழ்ப்பகுதியில் இணைத்தால் கீழே விரிவு கிடைக்கும். கையை மடக்கித் தூக்க, அக்குளில் ஒரு சதுரத் துண்டு. கீழே விழும் துணி அநேகமாக ஒன்றுமில்லை. கையால் நெய்த லினன் விலை உயர்ந்தது என்பதால் அன்று ஒரு விரற்கடைகூட வீணாக்க மாட்டார்கள். இரண்டரை முதல் மூன்று மீட்டர் போதும். வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்துவிடுங்கள், லினன் சுருங்கும்.

ஐ.டி. ஊழியர்: மெஷினில் தைத்தால் தவறா?

தவறில்லை. ஆனால் எலியாஸ் ஹோவ் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1846-இல், சிங்கர் பெற்றது 1851-இல். அதற்கு முன்பு எல்லாம் கைத்தையல்தான். வெளியே தெரியாத நீளத் தையல்களை மெஷினில் ஓட்டிவிட்டு, கண்ணில் படும் இடங்களைக் கையால் தைக்கலாம். ஷிஃப்ட் ஒன்றையாவது முழுக்கக் கையால் தையுங்கள் என்பது என் வேண்டுகோள். நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது. ஓர் அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்று விரல் பழகிவிட்டால், நினைத்ததைவிட விரைவாக நகரும்.

அதே ஊழியர்: ஸ்டேஸுக்குத் திமிங்கல இழைக்கு எங்கே போவது?

மின்கம்பிகளைக் கட்டும் தடித்த பிளாஸ்டிக் பட்டைகள் போதும். நீளத்துக்கு வெட்டி, முனையை மழுங்கத் தேய்த்துச் செருகுங்கள். முதலில் காடாத் துணியில் ஒன்று தைத்து, போட்டு, உட்கார்ந்து எழுந்து பாருங்கள். கட்டிய பிறகும் முதுகில் இரண்டு விரல் அளவு இடைவெளி இருக்க வேண்டும். நாடா கோக்கும் துளைகளைக் கத்தரியால் வெட்டவே கூடாது. குத்தூசியால் நூல்களை விலக்கித் துளையிட்டு, குத்தூசி உள்ளே இருக்கும்போதே சற்றுச் சுழற்றி, உடனே ஊசியால் சுற்றிச் சுற்றி இறுக்கித் தையுங்கள். துணியின் நூல் அறுபடாததால் துளை கிழியாது. உலோக வளையங்கள் வந்தது அடுத்த நூற்றாண்டில்தான்.

தையல் கடை வைத்திருக்கும் பெரியவர்: பெட்டிகோட்டை இடுப்பில் எப்படி நிறுத்துகிறார்கள்? கொக்கியா, பட்டனா?

இரண்டும் இல்லை ஐயா, நாடாதான். முன்பாதி, பின்பாதி என இரண்டாகக் கொசுவம் வைத்து, இரண்டு பக்கமும் மேலே திறப்பு விட்டுவிடுவார்கள். பின்பாதி நாடாவைச் சுற்றி முன்னால் கட்டி, முன்பாதி நாடாவைப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினால் முடிந்தது. பிள்ளைப்பேற்றிலும் உடல் இளைத்தாலும் அதே பாவாடை பொருந்தும். அந்தத் திறப்புகள் வழியாகக் கையை விட்டால், உள்ளே இடுப்பில் தனியாகக் கட்டிய பைகள் அகப்படும். கீழ் ஓரத்தை நேராக முடித்துவிட்டு, ஏற்ற இறக்கத்தை இடுப்பில் சரிசெய்வதுதான் அன்றைய முறை. நாமோ இன்று கீழே மடித்துச் சரிசெய்கிறோம்.

ஆசிரியை: சீட்டித் துணியில் கவுன் தைத்தால் அந்தக் காலத்துக்குப் பொருந்துமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சோழமண்டலக் கடற்கரையிலிருந்து கப்பலேறிய சீட்டி, அதாவது வண்ணப் பூவேலை செய்த பருத்தி, ஐரோப்பியப் பெண்களை மயக்கிய துணி. கடுக்காயும் பாலும் ஊறிய பருத்தியில் மூங்கில் எழுதுகோலால் படிக்காரக் கரைசலைத் தீட்டி, சாயவேர் இட்டுக் கொதிக்கவைத்தால் தீட்டிய இடம் மட்டும் நிலையாகச் சிவக்கும். மற்ற இடம் வெயிலில் வெளுத்துவிடும். துவைத்தாலும் போகாத அந்த நிறம் தொடக்கத்தில் ஐரோப்பியச் சாயக்காரர்களுக்குக் கைவரவில்லை.

அதனால் உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தார்கள். 1719-இல் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் சீட்டி உடுத்திய பெண்களைத் தெருவிலேயே மறித்து உடையைக் கிழித்தார்கள். 1721-இல் இயற்றிய சட்டம் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே தடைசெய்தது. 1774-இல்தான் அது நீங்கியது, அதுவும் இங்கிலாந்திலேயே நெய்து அச்சிட்ட பருத்திக்கு மட்டும். பிரான்சில் 1686 முதல் 1759 வரை தடை. ஆனாலும் கள்ளத்தனமாக வந்த சீட்டியை உடுத்தவே செய்தார்கள். ஆகவே 1760-ஐச் சேர்ந்த ஆங்கிலேயப் பெண்ணாக நீங்கள் சீட்டி உடுத்தினால், அவள் சட்டத்தை மீறியவள் என்று அறிந்து உடுத்துங்கள். 1775-க்குப் பிந்தியவளாக இருந்தால், இங்கிலாந்திலேயே அச்சிட்ட பருத்தி என்றால் கவலையே இல்லை.

கடையில் வாங்கும்போது வெண்மையான தளத்தில் வளைந்தோடும் கொடியும் இடைவிட்டு மலர்ந்த பெரிய பூக்களும் உள்ளதாகப் பாருங்கள். வரிசை வரிசையாக மாங்காய் போட்டது வேண்டாம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள சோழமண்டலச் சீட்டிகளின் படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. கடைக்குக் கிளம்புமுன் அவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு நடுங்கும் இடத்தில் நம் கடற்கரைக் கைவினைஞரின் கை தெரியும்.

கல்லூரி மாணவி மீண்டும்: பேட்டர்ன் எங்கே கிடைக்கும்?

பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான வரைபடம் வேண்டுமென்றால், உடை வரலாற்று ஆய்வாளர் ஜேனட் அர்னால்ட் அருங்காட்சியகங்களில் இருந்த உண்மையான உடைகளை அளந்து வரைந்த நூல் 1964 முதல் கிடைக்கிறது. ஆனால் அது வேறொருத்தியின் உடம்புக்கு வெட்டியது. அன்றைய தையற்காரிகள் லைனிங் துணியை ஸ்டேஸ்மேல் போர்த்தி, குண்டூசி குத்தி, அங்கேயே வெட்டினார்கள். உங்களுக்கும் அதையே சொல்வேன். ஒரு தோழியை அழைத்துக்கொள்ளுங்கள்; முதுகுப் பக்கம் தனியாகக் குத்திக்கொள்ள முடியாது.