எஞ்சின் வேலை முடிஞ்சாச்சு, தண்ணி எங்கே போகுது?

காட்பாடிப் பக்கம் டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறேன். எஞ்சின் இறக்கி வேலை பார்த்த பிறகு தண்ணீர் ஒழுகினால் கேளுங்கள். ஹைட்ராலிக், டீசல் பம்ப் எல்லாம் இன்னொரு நாள்.

குடியாத்தம்: அண்ணே, லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதுசு. ரேடியேட்டர்ல தண்ணி குறையுது, வெளியில ஒரு சொட்டு இல்ல. டிப்ஸ்டிக்ல ஆயில் மட்டம் ஏறியிருக்கு.

தண்ணி ஆயிலுக்குள்ள இறங்குது போல. இனி ஸ்டார்ட் பண்ணாதீங்க தம்பி, பேரிங் போயிடும். ராத்திரி முழுக்க நிறுத்திட்டு, காலையில சம்ப் (எஞ்சின் அடியில ஆயில் நிக்கிற தொட்டி) டிரெய்ன் நட்டை மெதுவா தளர்த்துங்க. ஆயிலைவிடத் தண்ணி கனம், அதனால முதல்ல அதுதான் வரும். வந்தா சம்பைக் கழற்றி, அடியில அட்டை விரிச்சு, ரேடியேட்டரை நிரப்பி, டார்ச் அடிச்சுப் பாருங்க.

லைனருக்கு (பிஸ்டன் ஏறி இறங்குற குழாய்) வெளிப்பக்கம், பிளாக் ஓரமா சொட்டினா ஓ-ரிங், அதாவது லைனரைச் சுத்திப் போடுற ரப்பர் வளையம். லைனரை இறக்கும்போது பிளாக் விளிம்பில் பட்டு வெட்டுப்பட்டிருக்கும். இல்லேன்னா ஓ-ரிங் உட்காரும் இடம் துருப்பிடிச்சுக் குழிகுழியா இருக்கும், அங்கே எத்தனை புது ரிங் போட்டாலும் நிக்காது. மாட்டும்போது சோப்புத் தண்ணி தடவுங்க. கண்ட ஆயிலைத் தடவினா சில ரப்பர் ஊதிப்போகும். லைனருக்கு உள்ளேயிருந்து, பிஸ்டன் வழியா வழிஞ்சா கோளாறு மேலே: ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற தகடு) அல்லது ஹெட்டில் விரிசல்.

வெட் லைனர்னா, அதாவது வெளிப்பக்கம் நேரா தண்ணி படுற லைனர்னா, இன்னொண்ணும் பாருங்க. லைனர் தலை பிளாக் மட்டத்துக்கு மேலே துளி நிக்கணும். எவ்வளவுன்னு அந்த மாடல் மேனுவல்ல இருக்கும். உள்ளே அமுங்கியிருந்தா கேஸ்கெட் பிடிக்காது. அடுத்த தடவை லைனர் இறக்கினதும், கிராங்க் போடுறதுக்கு முன்னாடியே ஜாக்கெட்டில் (லைனரைச் சுத்தித் தண்ணி நிக்கிற இடம்) தண்ணி நிரப்பி ஒரு ராத்திரி விடுங்க. சொன்னா எவனும் செய்யறதில்ல.

ஆரணி: வாட்டர் பம்ப் அடியில சின்ன ஓட்டை, அதுல சொட்டுது.

சீல் போச்சு. அது போனா காட்டத்தான் அந்த ஓட்டையே. எம்-சீல் வெச்சு அடைக்காதீங்க.

ஆம்பூர்: ரேடியேட்டர்ல மஞ்சத்தூள் போட்டா நிக்கும்னு சொல்றாங்களே?

குழம்புக்குப் போடுங்க. ஒழுகல் நிக்கிறதோ இல்லையோ, ரேடியேட்டர் டியூப் அடைக்கும், எஞ்சின் சூடேறும்.

போளூர்: பழைய ஐஷர், ஏர் கூல்ட். சிலிண்டர் அடியில ஈரம்.

அதுல தண்ணியே கிடையாதுங்க. அது ஆயில்.

வாலாஜா: ஸ்டார்ட் பண்ணினதும் ரேடியேட்டர்ல குமிழி, ஹோஸ் கல்லு மாதிரி ஆகுது.

எரிஞ்ச கேஸ் தண்ணிக்குள்ள போகுது. ஹெட்டை இறக்கி, நேர்கோல் வெச்சு வளைவு பாருங்க, விரிசலுக்கு டெஸ்ட் பண்ணுங்க. நட்டை நடுவிலிருந்து வெளியே, மூணு தவணையா முறுக்கணும். தண்ணிக்குள்ள இறங்குற ஸ்டட் இருந்தா அதோட மரைக்கு சீலன்ட் வேணும்.

வாணியம்பாடி: கூலன்ட் அவசியமா? போர் தண்ணி போதாதா?

உங்க ஊர் போர் தண்ணியா? வேண்டாம். தோல் பதனிடுற ஆலைங்கள்ல உப்புத் தோலை ஊறவெச்ச கழிவு வருஷக்கணக்கா நிலத்துல இறங்கியிருக்கு. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1996-ல தீர்ப்பு வந்த விவகாரம். அந்த உப்பு இரும்பை அரிக்கும், கடினத் தண்ணி ஜாக்கெட்ல காரை கட்டும்.

மறுபடி ஆம்பூர்: எங்க தாத்தா கிணத்துத் தண்ணியிலேயே கடைசி வரைக்கும் ஓட்டினாரு!

ஓட்டியிருப்பாருங்க, அந்தக் கிணறு வேற. இப்ப அதே கிணத்துத் தண்ணியை வாயில வெச்சுப் பாருங்க, பேசலாம்.

ராணிப்பேட்டை: அப்போ ஆர்.ஓ. மெஷின்ல வீணாப் போற தண்ணி?

ஐயோ! உப்பெல்லாம் சேர்ந்து நிக்கிறதே அதுலதான். குடிக்கிற பக்கம் வர்றதை எடுங்க.

திருப்பத்தூர்: ஏ.சி.யில சொட்டுறது?

வடிகட்டிக்கிட்டா பரவாயில்ல, மழைத்தண்ணியும் சரி. ஆனா வெறும் தண்ணியா ஊத்தாம கேனில் போட்டிருக்கிற அளவுக்கு கூலன்ட் கலங்க. துருவைத் தடுக்கிறது கூலன்ட்தான். தண்ணிப் பேச்சு இத்தோட போதும், கைவேலை கிடக்குது.

செய்யாறு: ஸ்டாப் லீக் பவுடர் நல்லதா?

மஞ்சத்தூள் பதிலைப் படிங்க.

ஆற்காடு: கிளட்ச் ஹவுசிங் அடியிலிருந்து தண்ணி வருதுங்க.

பிளாக்குக்குப் பின்னாடி, ஃப்ளைவீல் பக்கம் இருக்கிற கோர் பிளக்கா (பிளாக்குல தண்ணி ஓட்டையை அடைக்கிற தகட்டு மூடி) இருக்கும். எஞ்சின் வேலை பார்த்தப்பவே மாத்தியிருக்கணும். இப்ப டிராக்டரை ரெண்டாப் பிரிக்கணும், வேற வழியில்ல. பிரிச்சதும் கிளட்ச் பிளேட்டையும் பார்த்துடுங்க.